இரண்டாவது சேலை

வன்னிப் பெருநிலத்தின் மல்லாவியிலும் ஒட்டுசுட்டானிலும் காட்டோரப் பாதைகளைக் கடந்து பாடசாலை செல்லும் ஆசிரியைகளைக் காணுந்தோறும், சாவித்திரிபாய் பூலே அம்மையாரின் நினைவு நெஞ்சில் எழுகின்றது.

மராட்டிய நாட்டின் நைகாம் என்னும் சிற்றூரில் 1831ஆம் ஆண்டு ஜனவரி 3ஆம் திகதி அம்மையார் பிறந்தார். ஒன்பது வயதில் மணமுடித்து வந்தவருக்குக் கணவர் ஜோதிராவ் பூலேயே எழுத்தறிவித்தார். 1848இல் இருவரும் புனே நகரில் பெண்களுக்கெனப் பள்ளியொன்றை நிறுவினர். அம்மையார் அதன் ஆசிரியையானார்.

பள்ளி செல்லும் வழியில் அவர்மீது இழிசொற்கள் பொழியப்பட்டன. சேறும் சாணமும் வீசப்பட்டன. இத்தகைய செயலை விளையாட்டுக் குறும்பென்று ஒதுக்குவார் இன்றும் உளர். குறும்பன்று, பணிக்குச் செல்லும் பெண்ணை நாணச்செய்து வீட்டுக்குள் துரத்தும் வஞ்சனை அது. அம்மையார் நின்றுவிடவில்லை. மாற்றுச் சேலையொன்றை உடன் கொண்டுசென்று, பள்ளியில் உடுத்திப் பாடம் நடத்தினார்.

அக்காலத்தில் ஒரு வீட்டில் சமையல் செய்து பிழைத்த இளம் விதவையை அயலான் ஒருவன் வஞ்சித்துக் கைவிட்டான். பழிக்கு அஞ்சிய அப்பேதை, பெற்ற குழவியைக் கொன்றாள், அந்தமானுக்கு நாடுகடத்தப்பட்டாள். வஞ்சித்தவனை எவரும் கேட்கவில்லை. இக்கொடுமை கண்டு உள்ளம் பதைத்த தம்பதியர், 1863இல் இத்தகைய பெண்கள் அச்சமின்றி மகப்பேறு அடையத் தம் இல்லத்திலேயே புகலிடம் அமைத்தனர். அங்கு விதவையொருத்தி ஈன்ற யஷ்வந்தைத் தம் மகனாக ஏற்றனர். அவர் மருத்துவரானார். 1897இல் கொள்ளைநோய் பரவியபோது, நோயுற்ற சிறுவனொருவனை மகனது மருத்துவ நிலையத்துக்குத் தூக்கிச் சென்ற அம்மையார், அந்நோயாலேயே மார்ச் 10ஆம் திகதி மறைந்தார்.

அன்று அவர் முறையிட மன்றம் இருக்கவில்லை. இலங்கையிலோ, 1995ஆம் ஆண்டுத் திருத்தத்தின்பின் தண்டனைச் சட்டக்கோவையின் 345ஆம் பிரிவு பாலியல் தொந்தரவைக் குற்றமாக்கியுள்ளது. பணியிடத்தில் அதிகாரமுடையோரின் சொல்லும் செயலும் அதனுள் அடங்கும். சிறுவர்க்கு நேரும் தீங்கை 1929 என்னும் தொலைபேசி இலக்கத்தில் அறிவிக்கலாம். ஆயினும், மாணவியொருத்தி தயங்கித் தயங்கி வாய்திறக்கும்போது, குடும்ப மானத்தைக் காட்டி அவளை அடக்குவோமாயின், சட்டம் ஏட்டிலேயே உறங்கும். அவள் சொல்வதைப் பொறுமையுடன் கேட்டல், நாளும் இடமும் குறித்துவைத்தல், முறைப்பாடு செய்யத் துணைநிற்றல் ஆகியன ஆசிரியரின் கடமை. வஞ்சித்தவனை விட்டு வஞ்சிக்கப்பட்டவளைப் பழித்த புனேத் தெருவினின்று நாம் எவ்வளவு தூரம் வந்துள்ளோம் என்பதற்கு அதுவே அளவுகோல்.