மேகத்துக்குப் பெயர் வைத்த மருந்து வியாபாரி: யார் இந்த லூக் ஹோவர்ட்?

கீற்று மேகம், திரள் மேகம், படை மேகம்னு ஸ்கூல் புவியியல் பாடத்தில் படிச்சது ஞாபகம் இருக்கா? சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ரேட்டஸ் என்ற லத்தீன் பெயர்களின் தமிழ் வடிவம்தான் அது. அந்தப் பெயர்களை வைத்தவர் முழுநேர விஞ்ஞானி இல்லை. லண்டனில் மருந்து, ரசாயனம் தயாரித்து விற்ற லூக் ஹோவர்ட்.

1772-ல் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தார். 10 வயதில், ஐஸ்லாந்தின் லாக்கி எரிமலை வெடித்து ஐரோப்பாவின் வானமே மங்கிப்போனதைப் பார்த்தவர். பிழைப்பு மருந்துத் தொழில், மனசு முழுக்க வானம்.

அந்தக் காலத்தில் மேகத்தை யாரும் பெரிசா ஆராயவில்லை. நிமிஷத்துக்கு நிமிஷம் உருவம் மாறுற ஒண்ணை எப்படி வகைப்படுத்துறது? 1802 டிசம்பரில் லண்டனில் ஒரு சின்ன அறிவியல் சங்கத்தில் பேசிய ஹோவர்ட், அதுக்கு விடை சொன்னார். அடிப்படை வடிவம் மூணுதான். மற்றதெல்லாம் இதிலிருந்து மாறுவது, இல்லன்னா கலப்பது. மழை மேகத்துக்கு நிம்பஸ். மாற்றத்தையே வகைப்பாட்டுக்குள்ள கொண்டுவந்தார் பாருங்க, அதுதான் அவர் சாமர்த்தியம்.

அதே வருஷம் பிரான்ஸில் லாமார்க்கும் மேகங்களுக்குப் பெயர் வைத்தார். ஆனா அவை பிரெஞ்சுப் பெயர்கள், எடுபடவில்லை. ஹோவர்டின் லத்தீன் எல்லா நாட்டுக்கும் பொதுவா இருந்தது. ஜெர்மன் கவிஞர் கதே அவரைப் புகழ்ந்து கவிதையே எழுதினார்!

பிறகு லண்டனின் தட்பவெப்பத்தைப் பல வருஷம் அளந்து புத்தகம் போட்டார். நகரத்தின் இரவு, புறநகரைவிட சுமார் 2 டிகிரி செல்சியஸ் வெப்பமா இருப்பதை அதில் காட்டினார். 1864-ல் காலமானார்.

சரி, சூப்பர் கம்ப்யூட்டர் காலத்தில் இவர் எதுக்கு? காலநிலை மாதிரிகள் பூமியைக் கட்டம் கட்டமாகப் பிரித்துக் கணக்கு போடுகின்றன. பல மாதிரிகளில் ஒரு கட்டமே சுமார் 100 கிலோமீட்டர் அகலம். குமுலஸ் மேகமோ ஒரு கிலோமீட்டர்கூட இருக்காது. அதனால் மேகத்தைத் தோராயமாகத்தான் கணக்கில் சேர்க்க முடிகிறது. தாழ்வான படை மேகம் வெயிலைத் திருப்பி அனுப்பி பூமியைக் குளிர்விக்கும். உயரத்தில் இருக்கும் மெல்லிய சிர்ரஸ் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். பூமி சூடாக ஆக எந்த மேகம் குறையும், எது கூடும்? மாதிரிகள் அதிகமாக முரண்படுவது இங்கேதான்.

இதுக்காகவே 2024 மே மாதம் ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து எர்த்கேர் செயற்கைக்கோளை அனுப்பின. ரேடார், லேசர் கருவிகளால் மேகத்தை மேலிருந்து கீழ்வரை அது அளக்கிறது.