டேவிட் லாக்

டேவிட் லாம்பர்ட் லாக் (ஜூலை 16, 1910 – மார்ச் 12, 1973) இங்கிலாந்தைச் சேர்ந்த பறவையியலாளர் ஆவார். லண்டனில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்றார். பள்ளி ஆசிரியராக இருந்தபோது கலாபகசுத் தீவுகளுக்குச் சென்று அங்குள்ள குருவிகளை ஆராய்ந்தார். 1945 முதல் இறக்கும்வரை ஆக்சுபோர்டில் எட்வர்ட் கிரே நிறுவனத்தின் இயக்குநராக இருந்தார்.

முட்டை எண்ணிக்கைக் கோட்பாடு

பெற்றோரால் சராசரியாக எத்தனை குஞ்சுகளுக்கு உணவூட்ட இயலுமோ, அதற்கேற்பவே முட்டைகளின் எண்ணிக்கை இயற்கைத் தேர்வினால் அமைகிறது என்பது இவரது கருத்து. தொலைகடலில் இரை தேடும் அல்பட்ரோசு ஒரே முட்டை இடுவதை இதனால் விளக்கலாம். ஸ்காட்லாந்தில் பணியாற்றிய வின்-எட்வர்ட்சு, கடற்பறவைகள் தம் கூட்டத்தின் நலனுக்காகவே இனப்பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகின்றன என்று 1962 இல் வாதிட்டார். லாக் 1966 இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். பிற்கால உயிரியலாளர் பெரும்பாலோர் லாக்கின் பக்கமே நின்றனர்.

பல பறவைகள் எல்லா முட்டைகளையும் இட்டு முடிக்குமுன்பே அடைகாக்கத் தொடங்குகின்றன. இதனால் குஞ்சுகள் வெவ்வேறு நாட்களில் பொரிக்கின்றன. இரை குறைந்தால் இளைய குஞ்சு மட்டும் இறக்கும். அனைத்தும் பட்டினியால் மடிவது தவிர்க்கப்படும் என லாக் விளக்கினார். ஆயினும் முகமூடிப் பூபி என்னும் கடற்பறவையில் இரை மிகுந்திருந்தாலும் மூத்த குஞ்சு இளையதைக் கூட்டிலிருந்து வெளியேற்றிவிடுகிறது. இங்கு இவரது விளக்கம் முழுமையாகப் பொருந்துவதில்லை. முதல் முட்டை பொரிக்காமற்போனால் உதவும் காப்பாகவே இரண்டாம் முட்டை கருதப்படுகிறது.

1951 இல் அரச கழக உறுப்பினரான லாக், 1972 இல் டார்வின் பதக்கம் பெற்றார்.