எல்லாப் பிள்ளைகளுக்கும் வாத்தியார்

ஆப்பிரிக்காவின் கிழக்குக் கரையில் தான்சானியா என்று ஒரு நாடு இருக்கிறது. அந்த நாட்டில் வாத்தியார் என்று சொன்னால் அது ஒரே ஒருவரைத்தான் குறிக்கும். அவர் ஜூலியஸ் நைரேரே. ஏறத்தாழ 24 ஆண்டுகள் நாட்டை ஆண்டவர். ஆனாலும் ஜனங்களுக்கு அவர் ஜனாதிபதி அல்ல, 'முவாலிமு'தான். சுவாஹிலி மொழியில் அதற்கு ஆசிரியர் என்று பொருள். நம் ஊர் மதரசாக்களில் ஓதிக் கொடுப்பவரை முஅல்லிம் என்கிறார்கள் அல்லவா? அந்த அரபுச் சொல்தான் அங்கே முவாலிமு ஆகியிருக்கிறது.

அந்தப் பெயரைப் பெற்றவரோ கத்தோலிக்கர். தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காண்பவர். கத்தோலிக்கப் பள்ளிக்கூடங்களில் பாடம் சொல்லிக் கொடுத்தவர். பிற்காலத்தில் அதே பள்ளிக்கூடங்களைப் பாதிரிமாரிடம் இருந்து வாங்கி, முஸ்லிம் பிள்ளைகளும் தயக்கம் இல்லாமல் நுழையும்படி செய்தவரும் அவரே.

மழையோடு பிறந்தவர்

விக்டோரியா ஏரிக்குக் கிழக்கே புட்டியாமா என்று ஒரு சிற்றூர். அங்கே ஜனாக்கி என்ற சிறு இனத்தின் தலைவருக்கு 22 மனைவியர், 26 பிள்ளைகள். ஐந்தாவது மனைவி முகாயாவுக்கு 1922 ஏப்ரல் 13-ந் தேதி ஓர் ஆண் குழந்தை பிறந்தது. அன்று மழை பெய்ததால், மழை தரும் ஆவியின் பெயரான கம்பராகே என்பதையே பிள்ளைக்கு வைத்தார்கள்.

பிள்ளை ஆடு மேய்த்தான். பன்னிரண்டு வயது வரை பள்ளிக்கூட வாசலை மிதிக்கவில்லை. பிறகுதான் 26 மைல் தொலைவில் உள்ள முசோமா ஊரில், அரசினர் பள்ளியில் சேர்த்தார்கள். அங்கேயே தங்கிப் படித்தான். 1937-ல் தபோரா நகரத்து அரசினர் பள்ளியில் இடம் கிடைத்தது. நாட்டிலேயே சிறந்த பள்ளி அது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நாளில் அவன் கிறிஸ்தவனும் அல்ல, முஸ்லிமும் அல்ல. தன் இனத்துத் தெய்வங்களைக் கும்பிட்ட வீட்டுப் பிள்ளை. அவன் படித்த இரண்டு பள்ளிகளும் சர்க்கார் பள்ளிகள். உன் மதம் என்ன என்று கேட்டு வாசலில் நிறுத்துவார் இல்லை. அதனால்தான் அவனால் உள்ளே போக முடிந்தது. எத்தனையோ பிள்ளைகளுக்கு இந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை.

கரையோர மக்களின் பயம்

டாங்கனிகா என்பது அந்த நாட்டின் அப்போதைய பெயர். முதலில் ஜெர்மானியர் ஆண்டார்கள். முதல் உலகப் போருக்குப் பின் பிரிட்டிஷார் கைக்கு வந்தது. கடற்கரை ஊர்களில் பல நூறு ஆண்டுகளாக முஸ்லிம்கள் வாழ்ந்து வந்தார்கள். அவர்கள் எழுத்தறியாதவர்கள் அல்ல. சுவாஹிலி மொழியை அரபு எழுத்தில் எழுதினார்கள். பிள்ளைகள் குர்ஆன் பள்ளியில் ஓதினார்கள். ஜெர்மானியர் காலத்தில் ஊர் அதிகாரிகளாகவும் இவர்களில் பலர் இருந்தார்கள்.

பிரிட்டிஷார் வந்ததும் நிலைமை மாறியது. உத்தியோகத்துக்கு ஆங்கிலம் வேண்டும். ஆங்கிலம் படிக்கப் பள்ளிக்கூடம் வேண்டும். பள்ளிக்கூடங்களோ பெரும்பாலும் கிறிஸ்தவ சபைகளின் கையில். சர்க்கார் தானே பள்ளி கட்டாமல், சபைகளுக்கு மானியம் கொடுத்துக் காரியத்தை நடத்தியது.

முஸ்லிம் தாய் தந்தையர் பயந்தார்கள். அப்துல்லாவாகப் பள்ளிக்குப் போன மகன் வேறு பெயரோடு வீடு திரும்பினால் என்ன செய்வது? அந்தப் பயத்தில் பிள்ளையை வீட்டோடு நிறுத்திக் கொண்டவர்கள் பலர். பாதிரிமாரையும் குறை சொல்லிப் பயன் இல்லை. சாலை கூட இல்லாத காட்டூர்களில் பள்ளி கட்டியவர்கள் அவர்கள்தான். தங்கள் சமயம் வளர வேண்டும் என்றே அவர்கள் அங்கே போனார்கள். அதை மறைக்கவும் இல்லை. ஆனால் படிப்பும் ஞானஸ்நானமும் ஒரே வாசல் வழியே வந்தால், அந்த வாசலுக்கு வராதவன் படிப்பையும் இழக்கிறான்.

வேலையா, நாடா?

கம்பராகே தானே விரும்பிக் கத்தோலிக்க சமயத்தைத் தேர்ந்தெடுத்தார். தந்தை இறந்த மறு ஆண்டு, 1943 டிசம்பரில், ஞானஸ்நானம் பெற்று ஜூலியஸ் ஆனார். உகாண்டாவில் மக்கரேரே கல்லூரியில் ஆசிரியர் பயிற்சி முடித்தார். சர்க்கார் பள்ளியும் அழைத்தது, பாதிரிமாரின் பள்ளியும் அழைத்தது. பாதிரிமாரின் பள்ளிக்கே போனார். பிறகு ஸ்காட்லாந்தில் எடின்பரோ சர்வகலாசாலையில் எம்.ஏ. படித்து, 1952-ல் திரும்பினார். அடுத்த ஆண்டு மரியாவை மணந்தார். தார் எஸ் சலாம் நகருக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வெளியே, பூகு குன்றுகளில் இருந்த செயின்ட் பிரான்சிஸ் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தார்.

ஓய்வு கிடைத்தபோதெல்லாம் நகரத்துக்கு வருவார். தார் எஸ் சலாம் முஸ்லிம்கள் நிறைந்த ஊர். ஆப்பிரிக்கர் சங்கத்தின் தலைவராக அப்போது இருந்தவர் அப்துல்வாஹித் சைக்ஸ் என்ற முஸ்லிம். 1953 தேர்தலில் அவரைத் தோற்கடித்து நைரேரே தலைவர் ஆனார். தோற்றவர் பகை பாராட்டவில்லை. கூடவே நின்று உழைத்தார். 1954 ஜூலை 7-ந் தேதி அந்தச் சங்கம் 'டானு' என்ற அரசியல் கட்சியாக மாறியது. பீபி தித்தி முகம்மது என்ற முஸ்லிம் பெண்மணி, பாட்டுக் கோஷ்டியில் பாடிக் கொண்டிருந்தவர், வீடு வீடாகப் போய் ஆயிரக்கணக்கான பெண்களைக் கட்சியில் சேர்த்தார். மலை நாட்டிலிருந்து வந்த கத்தோலிக்க வாத்தியாரைத் தோளில் தூக்கியவர்கள் பள்ளிப் படிப்பு அதிகம் இல்லாத இந்த முஸ்லிம் மக்கள்தான்.

1955 மார்ச்சில் நைரேரே நியூயார்க் போய், ஐக்கிய நாடுகள் சபையில் தம் நாட்டுக்காகப் பேசினார். திரும்பி வந்ததும் நெருக்கடி வந்தது. வாத்தியார் வேலையா, அரசியலா, ஒன்றைத்தான் வைத்துக் கொள்ள முடியும் என்று ஆகிவிட்டது. மனைவி இருக்கிறார், சிறு பிள்ளைகள் இருக்கிறார்கள், வேறு வருமானம் இல்லை. வேலையை ராஜினாமா செய்தார். சில காலம் சொந்த ஊர்ப் பக்கம் போய், ஒரு பாதிரியாருக்கு ஜனாக்கி மொழி கற்றுக் கொடுத்துப் பிழைத்தார். பாதிரிமாருடன் அவருக்கு மனக்கசப்பு இல்லை என்பதற்கு இதுவே சாட்சி.

அரியணைக்கு முன் நின்ற கேள்வி

சுதந்திரம் நெருங்க நெருங்க, பழைய கேள்வி கிளம்பியது. வெள்ளையர் போனதும் அவர்கள் நாற்காலியில் உட்காரப் போவது யார்? படித்தவர்கள். படித்தவர்கள் யார்? பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். கட்சியின் மூத்தோர் சபைத் தலைவர் ஷேக் சுலைமான் தக்காதிர் இதை வெளிப்படையாகக் கிளப்பினார். 1958-ல் அவரைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். முஸ்லிம்கள் படிப்பில் முன்னேறும் வரை சுதந்திரத்தைத் தள்ளிப் போட வேண்டும் என்று இன்னொரு கட்சி கேட்டது. நைரேரே ஒப்பவில்லை. மதத்தின் பெயரால் பங்கு பிரித்தால் நாடே பிளந்து விடும் என்பது அவர் எண்ணம். ஆனால் கேள்வியில் நியாயம் இருக்கிறது என்பதை அவர் மறக்கவில்லை.

1961 டிசம்பர் 9-ந் தேதி சுதந்திரம் வந்தது. பள்ளிகளில் வெள்ளையர், இந்தியர், ஆப்பிரிக்கர் என்று இனம் பிரித்த முறை 1962-ல் ஒழிந்தது. 1964-ல் ஜான்ஜிபார் தீவு சேர்ந்து நாடு தான்சானியா ஆயிற்று. தீவில் ஏறக்குறைய எல்லோரும் முஸ்லிம்கள்.

பிறகு வந்தது 1969-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம். மானியம் வாங்கிய சபைப் பள்ளிகள் யாவும் சர்க்கார் வசம் ஆயின. பாதிரிகளைப் பயிற்றும் குருமடங்கள் மட்டும் சபைகளிடமே இருந்தன. பிள்ளையின் மதம் பார்த்து இடம் கொடுக்கும் வழக்கம் நின்றது. சமய பாடத்தை நீக்கவில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு அவர்கள் சமயம். முஸ்லிம் பிள்ளைகளுக்கு அவர்கள் சமயம். பாதிரிமாரும் கன்னியாஸ்திரிகளும் பலர் அதே வகுப்புகளில் தொடர்ந்து பாடம் நடத்தினார்கள்.

சபைகளில் வருத்தம் இல்லாமல் இல்லை. செங்கல் செங்கலாக அடுக்கிக் கட்டிய பள்ளி கைவிட்டுப் போனால் யாருக்குத்தான் வலிக்காது? அதைச் செய்தவர் தங்கள் கோயிலில் வந்து முழங்காலிடும் மனிதர் என்பது இன்னும் வலி.

முஸ்லிம்களுக்கும் அவர் மேல் மனக்குறை உண்டு. பள்ளிகள் நடத்தி வந்த கிழக்கு ஆப்பிரிக்க முஸ்லிம் நலச் சங்கத்தை 1968-ல் அவருடைய அரசு தடை செய்தது. பீபி தித்தியையே 1969-ல் ராஜத்துரோகக் குற்றம் சாட்டிச் சிறையில் அடைத்தார்கள். 1972-ல் விடுதலை ஆனார். ஒரே கட்சி ஆட்சியில், எதிர்த்துப் பேசியவர்களுக்கு இடம் குறைவு. கிராமத்து ஜனங்களைக் கட்டாயமாகப் புது ஊர்களில் குடியேற்றியதும் அவர் காலத்தில்தான். இவற்றையும் சொல்லாவிட்டால் கதை பாதிதான்.

பெரியவர்களும் சிலேட்டுப் பிடித்தார்கள்

பிள்ளைகளோடு அவர் நிற்கவில்லை. 1970-ஐ முதியோர் கல்வி ஆண்டு என்று அறிவித்தார். மரத்தடியிலும், பள்ளிவாசல் பக்கத்திலும், மாதா கோயில் திண்ணையிலும் வகுப்புகள் நடந்தன. பேரன் படித்த பள்ளியில் பாட்டியும் எழுத்துக் கூட்டினாள். சுதந்திரம் வந்த சில ஆண்டுகளில், வயது வந்தோரில் மூன்றில் இரண்டு பங்கினர் எழுத்தறியாதவர்கள். 1977-ல் சர்க்கார் கணக்குப்படி அது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. மேல் வகுப்புகளில் இடம் குறைவாகவே இருந்தது. அங்கே முஸ்லிம் பிள்ளைகள் இன்னும் பின்தங்கி இருக்கிறார்கள் என்ற முறையீடு அவர் காலத்தோடு தீரவில்லை. ஆரம்பப் பள்ளியில் மட்டும், கரையோரத்துப் பையனும் மலை நாட்டுப் பையனும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

1985-ல் அவரே பதவியை விட்டு இறங்கினார். அடுத்து ஜனாதிபதியானவர் ஜான்ஜிபாரில் வளர்ந்த அலி ஹசன் முவினி. அவர் முஸ்லிம், அவரும் பழைய வாத்தியார்.

நைரேரே புட்டியாமாவுக்குத் திரும்பி நிலத்தில் பயிர் செய்தார். 1999 அக்டோபர் 14-ந் தேதி லண்டன் ஆஸ்பத்திரியில் ரத்தப் புற்றுநோயால் இறந்தார். உடலைக் கொண்டு வந்து சொந்த ஊர் மண்ணில் அடக்கம் செய்தார்கள். அவரைப் புனிதர் வரிசையில் சேர்ப்பதற்கான விசாரணையைக் கத்தோலிக்கத் திருச்சபை 2005-ல் தொடங்கியது.

அவர் ராஜினாமா எழுதிக் கொடுத்த பூகு குன்றுப் பள்ளியும் அந்தச் சட்டத்தில் சர்க்கார் பள்ளி ஆயிற்று. செயின்ட் பிரான்சிஸ் என்ற பெயர் போய், ஊர்ப் பெயரே பள்ளியின் பெயராக நிலைத்துவிட்டது.