விரல் காத்த இல்லம்

நோய் நீங்கியவர் திரும்பிச் செல்ல ஓர் இல்லமும், செய்வதற்கு ஒரு தொழிலும் இல்லையெனில், மருத்துவம் பாதி வழியில் நின்றதாகவே பொருள். இவ்வுண்மையை நோயாளிகளிடமிருந்தே கற்று, இளைஞர்கள் கூடி வாழும் இல்லம் ஒன்றை அமைத்தவர் மருத்துவர் பால் பிராண்ட் அவர்கள்.

ஆலத்தூர் நாடு, வாழவந்தி நாடு முதலிய நாடுகளாகப் பிரிந்து விளங்கும் நம் கொல்லிமலைக்கும் அவருக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. அவருடைய பெற்றோரான ஜெஸ்ஸி, ஈவ்லின் தம்பதியர் கிறித்தவத் தொண்டர்களாக இம்மலைக்கு வந்து, மருத்துவமும் கல்வியும் அளித்தனர். 1914ஆம் ஆண்டு பிறந்த பால், ஒன்பது வயதுவரை மலைச் சிறுவர்களுடன் மரமேறி வளர்ந்தார். தொழுநோயாளர் மூவர் மலையேறி வந்தபோது, தம் தந்தையார் அவர்கள் பாதங்களைக் கழுவிக் கட்டியதைத் தொலைவில் நின்று கண்டார். 1923இல் கல்விக்காக இங்கிலாந்து சென்றார். 1929இல் தந்தையார் காய்ச்சலால் மலையிலேயே மறைந்தார்.

பால் முதலில் பயின்றது கட்டடத் தொழிலும் தச்சுத் தொழிலுமே. பின்னரே மருத்துவம் கற்று அறுவை மருத்துவரானார். உளி பிடித்த அப்பயிற்சி வீண்போகவில்லை என்பதைப் பின்னர்க் காண்போம்.

1946இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். அடுத்த ஆண்டு செங்கற்பட்டுத் தொழுநோய் மருத்துவமனையில் மடங்கிய விரல்களைக் கண்டு வருந்தினார். தசைநாண்களை இடம் மாற்றிப் பொருத்தி, அவ்விரல்களை மீண்டும் இயங்கச் செய்தார். ஆயினும் மகிழ்ச்சி நீடிக்கவில்லை. கை சீரானவர்களை ஊர் ஏற்கவில்லை. வேலை தருவாரும் இல்லை. முன்பு மடங்கிய கையைக் கண்டு பிச்சையிட்டோர், நிமிர்ந்த கையைக் கண்டு அதனையும் நிறுத்தினர். நலமடைந்த கையே வயிற்றுக்குப் பகையாயிற்று!

இதற்கு விடையாக, 1951ஆம் ஆண்டளவில் கல்லூரி வளாகத்தில் எழுந்ததே நவஜீவ நிலையம். கிராமத்துக் குடிசைகளைப் போன்ற எளிய வீடுகளில் இளைஞர்கள் ஒன்றாக உண்டு, உறங்கி, உழைத்தனர். மர விளையாட்டுப் பொருள்கள் செய்யும் தச்சுப் பட்டறையும் அமைந்தது. பழைய தச்சரான மருத்துவரே அவர்களுக்கு ஆசிரியரானார்.

அந்தக் கூட்டு வாழ்க்கை மருத்துவ உலகிற்கே ஒரு பாடமாக அமைந்தது. விரல்கள் தேய்வது நோயினால் நேரடியாக நிகழ்வது என்றே அந்நாளில் பலரும் நம்பினர். நிலையத்து இளைஞர்களின் ஒவ்வொரு புண்ணுக்கும் காரணம் தேடியபோது, வலி உணராமையே முதன்மைக் காரணம் என்பது புலனாயிற்று. சுத்தியலின் கைப்பிடி உரசியது. சூடான பாத்திரம் சுட்டது. விளக்கின் கண்ணாடி கொப்புளமாக்கியது. இரவில் விரல் நுனிகள் காணாமற் போனதன் காரணத்தை அறியக் கண்விழித்துக் காவல் இருந்தனர். உணர்ச்சியற்ற விரல்களை எலிகள் கடித்தது தெரியவந்தது. அதன்பின் பூனைகள் வளர்க்கப்பட்டன. கருவிகளின் பிடிகள் மாற்றப்பட்டன. நாள்தோறும் கைகால்களைச் சோதிப்பது வழக்கமாயிற்று. ஒருவர் காணத் தவறிய காயத்தை அருகிலிருப்பவர் கண்டார். வலி செய்ய வேண்டிய எச்சரிக்கையைத் தோழமை செய்தது.

மருத்துவமனைக் கட்டிலில் ஒரு நோயாளியைச் சில நாழிகையே காண இயலும். சமைப்பதும், விளக்கேற்றுவதும், உறங்குவதும் வீட்டில்தானே நிகழ்கின்றன? எனவேதான் மருத்துவமனை காணாததை அந்த இல்லம் கண்டது.

1960இல் லாஸ்கர் விருது பெற்ற பிராண்ட், பின்னர் அமெரிக்காவில் கார்வில் தொழுநோய் மருத்துவமனையில் பணியாற்றினார். காலில் உணர்ச்சி இழந்த நீரிழிவு நோயாளர்க்கும் அவருடைய ஆய்வு பயன்பட்டது. அன்னையார் ஈவ்லின் முதுமையிலும் மலை மக்களிடையே தொண்டாற்றி, 1974இல் மறைந்து, கொல்லிமலையில் கணவர் அருகே அடக்கமானார். மகனார் 2003இல் காலமானார்.

மாணவர் விடுதிகளை நெடுங்காலம் அருகிருந்து கண்ட நாம் ஒன்றை உறுதியாகக் கூறுவோம். கூரையும் சோறும் மட்டும் தந்தால் அது விடுதி. ஒருவன் காயத்தை மற்றொருவன் கவனிக்கக் கற்பித்தால் அது இல்லம். ஆதரவற்ற இளைஞர்க்கு இடமளிக்க முன்வரும் அன்பர்கள், கட்டடத்திற்கு ஒதுக்கும் பொருளில் ஒரு பகுதியை உடனிருந்து தொழில் கற்பிக்கும் நல்லாசிரியர்க்கும் ஒதுக்குவார்களாக. அதுவே பாதியில் நின்ற மருத்துவத்தை நிறைவு செய்யும் அறமாகும்.