உழைப்புக்குச் சிலை வடித்த ராய் சௌத்ரி

சென்னைக் கடற்கரைக்குப் போகாத தமிழர் இருக்கலாம். உழைப்பாளர் சிலையைப் படத்திலாவது பார்க்காத தமிழர் இருப்பது அரிது. இடுப்பில் சிறு துணியோடு நான்கு பேர் ஒரு பெரும் பாறையைப் பெயர்க்க முயலும் காட்சி அது. சினிமாவிலும், மே தினச் சுவரொட்டியிலும் அந்த நால்வரைப் பார்த்துப் பழகியிருக்கிறோம். அந்தப் பெயரில் பஸ் நிறுத்தமே உண்டு. ஆனால் அதை வடித்தவர் யார் என்று கேட்டால் பலரும் விழிப்பார்கள்.

அவர் தமிழர் அல்லர், வங்காளி. வேலையை ஏற்றுத் தாய்மண்ணை விட்டுத் தெற்கே வந்தவர். 28 ஆண்டுகள் சென்னையில் அரசுப் பணியில் இருந்தவர். தேவிபிரசாத் ராய் சௌத்ரி என்பது அவர் பெயர். தமிழ்நாட்டை விட்டு வடக்கே வந்து வேலை பார்ப்பவர்கள் அறிந்துகொள்ள வேண்டிய வாழ்க்கை அவருடையது.

ஓவியமும் சிற்பமும் படித்தவர்களுக்கும் வசதி படைத்தவர்களுக்கும் மட்டுமே உரியவை என்று ஒதுங்கிப் போகிறவர்கள் அநேகர். உண்மையில் காட்சிக் கலையின் அடிப்படைகள் ஒரு கை விரல்களில் அடங்கிவிடும். கோடு, உருவம், கனம், ஒளி நிழல், இடைவெளி ஆகியவை அதன் மூலப்பொருள்கள். வண்ணம் ஓவியத்துக்குக் கூடுதலாக வரும். இவற்றைச் சேர்த்து நடத்தும் விதிகள் சமநிலை, லயம், அழுத்தம், ஒருமை என்பன. சுமை தூக்கிப் பழகிய உடம்புக்கு இவை புதியன அல்ல. அந்த உடம்பையே பாடமாக வைத்து இந்த விதிகளை ஊரறியச் செய்தவர் ராய் சௌத்ரி.

ஜமீன் வீட்டுப் பிள்ளை

1899ஆம் ஆண்டு ஜூன் 15ஆம் தேதி, இன்று வங்கதேசத்தில் உள்ள ரங்பூர் மாவட்டத்தின் தாஜ்ஹாட்டில் அவர் பிறந்தார். ஜமீன் குடும்பம். ஓவியத்தை அவனீந்திரநாத் தாகூரிடம் பயின்றார். வங்காள ஓவிய மரபைத் தோற்றுவித்த அவனீந்திரநாத், மென்மையான கோட்டுக்கும் நீரில் கரைந்தது போன்ற வண்ணத்துக்கும் பெயர் பெற்றவர். அந்த வகைப் படத்தில் மனிதர்கள் காற்றில் மிதப்பவர்களைப் போல் இருப்பார்கள். தரையில் கால் ஊன்றி நிற்கும் கனம் அவர்களிடம் இருக்காது.

இளைஞர் ராய் சௌத்ரிக்கு அந்தக் கனம் தேவைப்பட்டது. அவர் மல்யுத்தம் பழகியவர். வேட்டைக்குப் போகிறவர். உடம்பின் வலிமையும் வலியும் அவருக்குத் தெரியும். புல்லாங்குழலும் வாசிப்பார், வங்காளியில் கதைகளும் எழுதுவார். ஹிரண்மய் ராய் சௌத்ரியிடம் சிற்பம் கற்றார். மேல்நாட்டு முறையில் உடம்பைக் கூர்ந்து நோக்கி வடிக்கும் வழியைப் பிடித்துக்கொண்டார். தூரிகையை அவர் கைவிடவில்லை என்றாலும், நாட்டில் அவர் பெயரை நிலைநிறுத்தியது களிமண்தான்.

சென்னையில் 28 ஆண்டுகள்

1929இல் சென்னை அரசினர் கலைத் தொழிற்பள்ளியின் தலைவராக அவர் பொறுப்பேற்றார். 1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற டாக்டர் தொடங்கிய பள்ளி அது. சென்ட்ரல் ஸ்டேஷனுக்குச் சற்றுத் தொலைவில், பூந்தமல்லி நெடுஞ்சாலையில் இருக்கிறது. மரவேலை, உலோக வேலை போன்ற கைத்தொழில்களே அதுவரை அங்கு முக்கியம். ஓவியத்தையும் சிற்பத்தையும் தனிக் கலைகளாக வளர்த்து, அப்பள்ளியை இந்தியாவெங்கும் அறியச் செய்தவர் ராய் சௌத்ரி. வங்காளத்திலிருந்தும் மாணவர்கள் அவரைத் தேடிச் சென்னைக்கு வந்தார்கள். பரிதோஷ் சென், பிரதோஷ் தாஸ்குப்தா ஆகியோர் அவர்களில் சிலர். தமிழ்நாட்டுச் சிற்பி தனபாலும் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கரும் அவரிடம் பயின்றவர்களே.

1943இல் வங்காளத்தைப் பஞ்சம் வாட்டியது. பசியால் மெலிந்த உடம்புகளையும் அவர் சிற்பமாக்கினார். திரண்ட தசையை வடித்த அதே கை, எலும்பு தெரியும் உடம்பையும் வடித்தது. உடம்பின் கனம் எவ்வளவு முக்கியமோ, கனம் போன உடம்பும் பார்ப்பவர் மனத்தில் அவ்வளவு அழுத்தமாகப் பதியும் என்பதை அவர் காட்டினார்.

களிமண் முதல் வெண்கலம் வரை

வெண்கலச் சிலை உருவாவது எப்படி என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். முதலில் இரும்புக் கம்பியால் எலும்புக்கூடு போன்ற ஒரு சட்டம் கட்டுவார்கள். அதன் மேல் களிமண்ணை அப்பி உருவம் அமைப்பார்கள். பிறகு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் பூசி அச்சு எடுப்பார்கள். கடைசியில் வார்ப்புப் பட்டறையில் செம்பும் வெள்ளீயமும் கலந்து உருக்கி ஊற்றுவார்கள். பெரிய சிலைகளின் உட்புறம் காலியாகவே இருக்கும். வெளியே உள்ள கனமான தோற்றமெல்லாம் ஒரு தடித்த ஓடுதான்.

கல்லில் நீட்டிய கையும் மெல்லிய கோலும் எளிதில் முறிந்துவிடும். வெண்கலம் இழுவையைத் தாங்கும். ஆகவே கைகளும் கோல்களும் வெளியே நீளும் சிலைகளுக்கு அது ஏற்றது. ராய் சௌத்ரி களிமண்ணை வழவழப்பாகத் தேய்த்து முடிப்பதில்லை. விரலின் தடம் தெரியும்படி மேடு பள்ளமாகவே விடுவார். அந்த மேடுகளில் ஒளி தெறிக்கும், பள்ளங்களில் நிழல் தங்கும். அதனால் அசையாத உலோகம் மூச்சு விடுவது போல் தோன்றும்.

நால்வரும் ஒரு பாறையும்

வெள்ளையர் காலத்தில் சிலை என்றால் அரசரோ, கவர்னரோ, தளபதியோதான். சென்னையில் குதிரை மேல் அமர்ந்திருக்கும் மன்றோ சிலை அதற்குச் சான்று. உயரமான பீடமும் குதிரையும் உடையும் பார்த்தவுடன் மரியாதையைக் கேட்டு வாங்கிவிடும். கோவணம் கட்டிய கூலியாளுக்கு அந்த உதவி எதுவும் கிடையாது. கிரீடமும் பெயரும் இல்லாதவனுக்கு எப்படிக் கம்பீரம் தருவது? இதுதான் ராய் சௌத்ரி முன் நின்ற கேள்வி.

அவர் கோட்டை நம்பினார். நேராக நிற்கும் கோடு அமைதியைச் சொல்லும். படுத்த கோடு ஓய்வைச் சொல்லும். சாய்ந்த கோடு மட்டுமே அசைவைச் சொல்லும். அந்த நால்வரின் முதுகும் கால்களும் கோல்களும் சாய்கோடுகளாகவே இருக்கின்றன. பாறை இல்லாவிட்டால் அவர்கள் விழுந்துவிடுவார்கள் என்று கண்ணுக்குத் தோன்றுகிறது. அந்தத் தோற்றமே அவர்கள் கொடுக்கும் விசையை உணர்த்திவிடுகிறது.

ஒரு பக்கம் பெரும் பாறை, இன்னொரு பக்கம் மெலிந்த மனிதர்கள். இது எப்படிச் சமன் ஆகும்? ரயில்வே பார்சல் ஆபீஸ் எடை மேடையைப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். சிறிய எடைக்குண்டு கோலின் நுனியை நோக்கி நகர நகர, பெரிய மூட்டையையும் சமன் செய்துவிடும். அப்படித்தான் இந்தச் சிலையிலும். திரண்ட பாறைக்கு எதிராக, நீண்டு பரந்த கைகளும் கால்களும் கோல்களும் நிறுவை செய்கின்றன.

அடுத்தது லயம். தண்டவாளம் தூக்கும் கேங்மேன்கள் ஐலசா போட்டு ஒரே மூச்சில் தூக்குவார்கள். ஒருவர் முந்தினாலும் பிந்தினாலும் வேலை நடக்காது. சிலையிலும் நான்கு உடல்கள் ஒரே முயற்சியைத் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. ஆனால் நால்வரும் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர், ஒவ்வொருவர் நிலையும் வேறு. ஒன்றே திரும்ப வர வேண்டும், வரும்போது சற்று மாறியும் வர வேண்டும். லயத்தின் இரகசியம் இவ்வளவுதான்.

உடல்களுக்கு நடுவே தெரியும் வெற்றிடமும் சிற்பத்தின் ஒரு பகுதியே. காலையில் சாலையிலிருந்து பார்த்தால் கடலின் பக்கமிருந்து சூரியன் எழுவதால் சிலை கறுத்து, புறக்கோடுகள் மட்டும் தெரியும். மாலையில் மேற்கு வெயில் நேரே விழும்போது ஒவ்வொரு தசையும் துலங்கும். ஒரே சிலை காலையில் ஒரு கோட்டுச் சித்திரம், மாலையில் முழுச் சிற்பம்.

பள்ளியின் இரவுக் காவலாளி ஒருவரையும் மாணவர் ஒருவரையும் மாதிரியாக வைத்தே இந்த உருவங்களை அவர் அமைத்தார் என்று சொல்லப்படுகிறது. 1959ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் தேதி, குடியரசு தினத்துக்கு முந்தின நாள், சிலை திறக்கப்பட்டது. சிங்காரவேலர் 1923இல் இந்தியாவின் முதல் மே தினத்தைக் கொண்டாடியது இதே சென்னைக் கடற்கரையில்தான் என்பது குறிப்பிடத்தக்கது. அதே 1959இல் மெரினாவில் நிறுவப்பட்ட, கைத்தடியோடு நடக்கும் காந்தி சிலையும் ராய் சௌத்ரியின் படைப்பே.

பாட்னாவின் எழுவர்

1942ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி பாட்னா தலைமைச் செயலகத்தில் தேசியக் கொடி ஏற்ற முயன்ற ஏழு மாணவர்கள் துப்பாக்கிச் சூட்டில் உயிர் நீத்தார்கள். அவர்களுக்கான தியாகிகள் நினைவுச் சின்னத்தை வடிக்கும் பணி ராய் சௌத்ரியிடம் வந்தது. இத்தாலியில் வார்க்கப்பட்ட அந்த வெண்கலச் சிலைகளை 1956இல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத் திறந்து வைத்தார். முன்னேறுகிறவர், சாய்கிறவர் என எழுவரும் சேர்ந்து ஒரே அலையாகத் தெரிகிறார்கள். தனித்தனி உருவங்களை ஒரே பொருளாகக் கட்டும் ஒருமை என்ற விதிக்கு இதைவிட நல்ல பாடம் வேண்டியதில்லை.

மாணவர்கள் போன வழி

1954இல் லலித் கலா அகாதெமி தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவரானார். 1957இல் சென்னைப் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்றார். 1958இல் பத்மபூஷண் விருது கிடைத்தது.

அவருக்குப் பின் பள்ளியின் தலைவரான பணிக்கர் வேறு வழியில் போனார். உள்ளதை உள்ளபடி வடிக்கும் முறையை விட்டு, எழுத்தும் குறியும் கலந்த புதுவகை ஓவியங்களைத் தீட்டினார். 1966இல் சோழமண்டலம் கலைஞர் கிராமத்தையும் அமைத்தார். ராய் சௌத்ரியின் பாணி பழையதாகிவிட்டது என்று கருதியவர்களும் உண்டு. ஆனால் பாணி மாறினாலும் அடிப்படை மாறுவதில்லை. பணிக்கரின் ஓவியத்தைத் தாங்குவதும் அதே கோடு, அதே இடைவெளி, அதே சமநிலைதான். சீடன் குருவைப் போலவே செய்யாமல் சொந்தக் காலில் நின்றால், அது குருவுக்குக் குறை ஆகாது.

தில்லியில் இருக்கும் சாட்சிகள்

தண்டி யாத்திரையைக் காட்டும் பதினொரு மூர்த்தி சிலைத் தொகுதி அவருடைய கடைசிப் பெரும் பணி. அது முழுமையாக நிறுவப்படும் முன்பே, 1975 அக்டோபர் 15ஆம் தேதி ராய் சௌத்ரி காலமானார். தில்லி சர்தார் படேல் மார்க்கில் பின்னர் நின்ற அந்தத் தொகுதியில் காந்தி முன்னே நடக்க, பத்துப் பேர் பின்தொடர்கிறார்கள். எல்லா உடல்களும் ஒரே திசையை நோக்குவதால் கண் தானாகவே காந்தியிடம் போய் நிற்கிறது. அழுத்தம் என்ற விதி அதுவே. 2016 நவம்பரில் செல்லாததாக்கப்பட்ட பழைய 500 ரூபாய் நோட்டின் பின்புறத்தை அலங்கரித்ததும் இந்தக் காட்சிதான். சம்பள நாளில் அதை எண்ணி வாங்கிய தமிழர்கள், ஒரு சென்னைவாசியின் கைவண்ணத்தைத்தான் கையில் வைத்திருந்தார்கள்.

உழைப்பாளர் சிலையின் வடிவம் ஒன்று தில்லியிலும் இருக்கிறது. இந்தியா கேட் அருகே ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்தின் வளாகத்தில் அந்த நால்வரும் இங்கேயும் பாறையைப் பெயர்த்துக்கொண்டிருக்கிறார்கள். சென்னையில் நிற்பவர்களைப் போலவே இவர்களுக்கும் பெயர் கிடையாது. பாறை அசைந்ததா இல்லையா என்று சிலை சொல்வதில்லை. நால்வரில் ஒருவர் கூடக் கையை எடுக்கவில்லை என்பதை மட்டும் சொல்கிறது.