யார் இந்த சையது மோடி? கொலை வழக்குக்குப் பின்னால் மறைந்துபோன 8 முறை தேசிய சாம்பியன்

வாழப்பாடி பக்கம் சாயங்காலம் திடலில் வலை கட்டி ஷட்டில் ஆடுகிறவர்களுக்கு சிந்து, பிரணாய், லக்‌ஷ்யா சென் எல்லாம் அத்துப்படி. லக்னோவில் நடக்கும் ‘சையது மோடி இன்டர்நேஷனல்’ போட்டியையும் போனில் பார்த்திருப்பார்கள். 2024-ல் சிந்து பட்டம் ஜெயித்தாரே, அதே போட்டிதான். சரி, அந்த சையது மோடி யார்? தேடிப் பார்த்தால் முதலில் வந்து நிற்பது ஒரு கொலை வழக்கு. அவர் ஆடிய ஆட்டம் அதற்குப் பின்னால் எங்கேயோ கிடக்கிறது.

பேரிலேயே பிழை

முதலில் ஒரு சந்தேகம் தீர்த்துவிடலாம். பிரதமருக்கும் இவருக்கும் எந்த சம்பந்தமும் இல்லை. இவருடைய நிஜப் பேர் சையது மெஹ்தி ஹசன் ஜைதி. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோது ‘மெஹ்தி’ என்பதை வாத்தியார் ‘மோடி’ என்று எழுதிவிட்டார் என்பார்கள். யாரும் அதைத் திருத்தவில்லை. கடைசிவரை அதுவே நிலைத்துவிட்டது.

1962 டிசம்பர் 31-ல் பிறந்தவர். உத்தரப் பிரதேசம், கோரக்பூர் மாவட்டம், சர்தார்நகர். அப்பாவுக்கு சர்க்கரை ஆலையில் வேலை. வீட்டில் எட்டுப் பிள்ளைகள், இவர்தான் கடைக்குட்டி. மோகனூர் ஆலைப் பக்கம் இருக்கிறவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் வரவு செலவை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஷட்டில் காக் மலிவான சாமான் இல்லை. இறகு பிய்ந்தால் அடுத்தது எடுத்தாக வேண்டும். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்த பையன் 1976-ல் ஜூனியர் தேசிய சாம்பியன் ஆனார். பிறகு பாட்டியாலாவில் பயிற்சியாளர் பி.கே.பண்டாரியிடம் பாடம். அப்புறம் ரயில்வே வேலை.

பிரகாஷை வீழ்த்திய பையன்

1971 முதல் 1979 வரை ஆண்கள் ஒற்றையர் தேசியப் பட்டம் முழுக்க ஒரே ஆளிடம்தான் இருந்தது. பிரகாஷ் படுகோன். தொடர்ந்து ஒன்பது முறை. 1980-ல் ஆல் இங்கிலாந்து பட்டத்தையும் வென்று உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தவர். அதே 1980-ல், விஜயவாடாவில் நடந்த தேசியப் போட்டியில் அந்த பிரகாஷைத் தோற்கடித்தார் மோடி. அப்போது அவருக்கு 18 வயதுகூட நிறையவில்லை.

அதோடு நிற்கவில்லை. 1987 வரை எட்டு வருஷம், எட்டுப் பட்டம், நடுவில் ஒன்றுகூட விடவில்லை. 1981-ல் அர்ஜுனா விருது. அந்தக் காலத்தில் பிரகாஷ் டென்மார்க்கில் தங்கி ஆடிக்கொண்டிருந்தார், அதனால்தான் இவருக்கு வழி கிடைத்தது என்று சிலர் சொல்வதுண்டு. கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் பெரிய ஆள் இல்லாத இடத்தில் வேறு நாலு பேர் மாறி மாறி ஜெயித்திருக்கலாமே? அது நடக்கவில்லை.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இப்போது 21 பாயின்ட் ஆட்டம், யார் ராலியை ஜெயித்தாலும் பாயின்ட். அப்போது 15 பாயின்ட், ஆனால் சர்வீஸ் போட்டவர் ஜெயித்தால்தான் கணக்கு. எதிராளி ஜெயித்தால் சர்வீஸ் மட்டும் கைமாறும், ஸ்கோர் அப்படியே நிற்கும். மூச்சு வாங்க வாங்க ஆடினாலும் பலகையில் எண் நகராது. எட்டு வருஷம் அப்படி ஆடித் தாக்குப்பிடிப்பது சாதாரணம் இல்லை.

1982, அந்த இரண்டு மாதம்

அவருடைய உச்சம் 1982 கடைசியில் வந்தது. அக்டோபரில் பிரிஸ்பேன் காமன்வெல்த் போட்டி. இறுதிச்சுற்றில் இங்கிலாந்தின் நிக் யேட்ஸ். முதல் கேமை விட்டுவிட்டு, அடுத்த இரண்டையும் எடுத்து தங்கம் வென்றார். அடுத்து டெல்லி ஆசிய விளையாட்டு. ஒற்றையர் பிரிவில் வெண்கலம்.

இது எவ்வளவு பெரிய விஷயம் என்பது பின்னால் வந்தவர்களை வைத்துப் பார்த்தால்தான் தெரியும். காமன்வெல்த் ஆண்கள் ஒற்றையர் தங்கம் மறுபடி இந்தியாவுக்கு வந்தது 2014-ல், காஷ்யப் மூலமாக. 32 வருஷம். ஆசிய விளையாட்டில் ஆண்கள் ஒற்றையர் பதக்கம் மறுபடி வந்தது 2023-ல், ஹாங்சோவில் பிரணாய் வெண்கலம் எடுத்தபோது. 41 வருஷம்! கோபிசந்த், ஸ்ரீகாந்த் என்று எத்தனை பேர் வந்துபோனார்கள். இந்தப் பதக்கம் மட்டும் யார் கையிலும் சிக்கவில்லை.

1988 ஜூலை 28

லக்னோ கே.டி.சிங் பாபு ஸ்டேடியம். சாயங்காலப் பயிற்சி முடித்து வெளியே வந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். வயது 25. சியோல் ஒலிம்பிக்கில் பேட்மின்டன் காட்சி ஆட்டமாக நடக்க அப்போது இரண்டு மாதம்கூட இல்லை. பதக்க விளையாட்டாக அது சேர்ந்தது 1992-ல்தான்.

வழக்கு சிபிஐ கைக்குப் போனது. பெரிய இடத்துப் பேர்கள் அடிபட்டதால் நாட்டிலுள்ள பத்திரிகைகள் எல்லாம் மாதக்கணக்கில் எழுதின. ஏழு பேர் மீது குற்றப்பத்திரிகை. சிலர் ஆதாரம் இல்லை என்று விடுவிக்கப்பட்டார்கள், சிலர் தீர்ப்பு வருவதற்குள் இறந்துபோனார்கள். கடைசியில் 2009-ல் ஒரே ஒருவருக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது. சம்பவம் நடந்து 21 வருஷம் கழித்து. ஏன் கொன்றார்கள் என்ற கேள்விக்கு எல்லாரும் ஏற்கிற பதில் இன்றுவரை இல்லை.

அவர் நினைவாகத்தான் லக்னோ போட்டி. சாய்னாவும் சிந்துவும் தலா மூன்று முறை அங்கே ஜெயித்திருக்கிறார்கள். கோரக்பூரில் ரயில்வே ஸ்டேடியம் ஒன்றும் அவர் பேரில் இருக்கிறது. அங்கேயும் வாத்தியார் எழுதிய அதே பேர்தான்.