கொச்சி யூதர் ஏ. பி. சேலம் சரிதை

சமயக் கல்வி, உலகக் கல்வி, இல்லொழுக்கம் என்னும் மூன்றும் ஒரு மகனிடத்தே ஒருங்கு நிற்றல் கூடுமோ என்று ஐயுறும் பெற்றோர் நம்மவருட் பலர். கல்லூரிக்குச் சென்றால் தேவாரம் போய்விடும் என்று அஞ்சுவார் ஒரு சாரார். தேவாரத்தில் நின்றால் உத்தியோகம் போய்விடும் என்று அஞ்சுவார் மற்றொரு சாரார். இவ்விரு சாராரும் அறியத்தக்கது நம் அண்டை நாடாகிய கொச்சியில் வாழ்ந்த ஏபிரகாம் பாரக் சேலம் என்னும் யூதப் பெரியாரின் வரலாறு. இவர் பெயரிலுள்ள சேலம் நம் சேலம் நகரன்று. எருசலேம் நகரின் பழம்பெயராக யூதர் போற்றும் சொல்லாகும்.

யூதர் நமக்கு முற்றிலும் அயலார் அல்லர். ஏறத்தாழ 1000-ஆம் ஆண்டளவில் சேரவேந்தன் பாஸ்கர ரவிவர்மன் யூதர் தலைவனாகிய ஜோசப் ரப்பானுக்கு உரிமைகள் பல வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் அமைந்தது. யூதர் மறையில் மயிலைக் குறிக்கும் எபிரேயச் சொல் நம் தோகை என்பதன் திரிபே என்று அறிஞர் பலர் கருதுவர். கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-ஆம் ஆண்டில் எழுந்த பரதேசி ஜெபாலயம் அரண்மனைக் கோயிலுக்கு அருகிலேயே நிற்கின்றது.

யூத சமயத்திலே தந்தைக்கு விதித்த கடமைகள் இரண்டு கருதத்தக்கன. மகனுக்குத் தோரா என்னும் மறையைக் கற்பித்தல் ஒன்று; பிழைப்புக்குரிய தொழிலைக் கற்பித்தல் மற்றொன்று. ஆதலின் அவர்க்குள் மறைவல்லோர் பிற கலைகளிலும் வல்லுநராதல் புதுமையன்று. 1204-இல் மறைந்த மைமோனிடிஸ் என்பார் மறைக்கு உரைகண்ட ஆசிரியர். எகிப்து அரண்மனையின் மருத்துவரும் அவரே. வெள்ளிக்கிழமை மாலை தாய் விளக்கேற்றத் தொடங்கும் ஓய்வுநாளோ இல்லத்தையே பள்ளியாக்கும் இயல்பினது.

இத்தகைய மரபினுள்ளும் ஒரு மாசு புகுந்திருந்தது. பரதேசி யூதர் இல்லங்களில் முன்னாளில் அடிமைகளாயிருந்து விடுதலை பெற்றோரின் வழியினர் மெசுஹ்ரரிம் எனப்பட்டனர். மறை ஒன்று, தொழுகை ஒன்று, நோன்பும் ஒன்று. எனினும் ஜெபாலயத்துள் மற்றவரோடு ஒப்ப அமரும் உரிமை அவர்க்கில்லை. மறைநூலை ஓதுதற்கு அழைக்கப்படும் சிறப்புமில்லை. இடுகாட்டிலும் வேற்றுமை இருந்தது. சேலம் அவர்கள் 1882-ஆம் ஆண்டில் இவ்வகுப்பிலேதான் தோன்றினார்.

அவர் எர்ணாகுளம் மகாராஜா கல்லூரியிலும், பின்னர்ச் சென்னையிலும் பயின்று, சட்டக்கலையில் தேர்ந்து, எர்ணாகுளத்தில் வழக்கறிஞராயினார். சர்வகலாசாலைப் பட்டம் பெற்ற கொச்சி யூதருள் அவர் முன்னோடி. ஊர் மன்றத்திலே நீதிபதியின் முன் நின்று பிறருக்காக வாதிடுபவர், தம் ஜெபாலயத்திலே பின்னிற்க வேண்டியிருந்தது. ஆங்கிலக் கல்வி அவர்க்குத் தந்த முதற்பயன் இம்முரணைத் தெளிவாகக் காட்டியதேயாம்.

இந்நிலையில் ஒருவர் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று பொறுத்துக் கிடத்தல். மற்றொன்று உதறிச் செல்லுதல். நம் காரைக்கால் வட்டாரத்தில், பிரெஞ்சு அரசாங்கத்தின் 1881-ஆம் ஆண்டு ஆணையின்படி, தம் குலவழக்குச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றுக்கொண்ட குடும்பங்கள் உண்டு என்பதை நம் முதியோர் கேட்டறிவர். சேலம் அவர்களோ இவ்விரண்டினையும் கொள்ளாது மூன்றாவதொரு நெறியைக் கொண்டார். மறை தமக்கும் உரியது. அதனைத் துறக்கவேண்டிய காரணம் யாதுமில்லை. ஆதலின் அதனுள்ளே தமக்குரிய இடத்தைக் கேட்டலே முறை எனத் துணிந்தார். காந்தியடிகளின் சத்தியாக்கிரக நெறியை மேற்கொண்டு, சிலகாலம் ஜெபாலயத்தைப் புறக்கணித்தும் போராடினார். யூதர் காந்தி என்று அவரை மக்கள் அழைத்தது இதுபற்றியே. அவ்வாறு போராடிய நாளிலும் அச்சமயத்தின்மேல் அவர் வெறுப்புக் கொண்டாரல்லர்; 1929-இல் அதே பரதேசி ஜெபாலயத்தின் வரலாற்றை ஆங்கிலத்தில் நூலாக எழுதி வெளியிட்டார். தம்மைப் புறத்தே நிறுத்திய கூடத்தின் பெருமையைத் தாமே எழுதுதற்கு எத்துணைப் பற்று வேண்டும் என்பதை நினைத்துப் பார்க்க!

நாளடைவில் தடைகள் ஒவ்வொன்றாகத் தளர்ந்தன. எனினும் திருமணத் தடை நெடுநாள் நின்றது. 1950-இல் அவர் மகன் ஒருவர் பரதேசி யூதர் குடும்பத்துப் பெண்ணை மணந்தபோது அத்திருமணம் கொச்சியில் நிகழக் கூடாமல் பம்பாயில் நிகழ்ந்தது. தந்தை மன்றத்திலும் ஜெபாலயத்திலும் தொடங்கிய வழக்கு மகன் மணவறையில் முடிந்தது எனலாம்.

அவர்தம் தொண்டு சொந்த வகுப்பளவில் நின்றதன்று. 1925 முதல் 1931 வரையும், மீண்டும் 1939 முதல் 1945 வரையும் கொச்சி சட்டசபையில் உறுப்பினராயிருந்தார். தொழிலாளர் சங்கங்களுக்குத் துணைநின்றார். 1929-இல் பூரண சுதந்திரத் தீர்மானம் நிறைவேறிய லாகூர்க் காங்கிரசிலும் கலந்துகொண்டார். 1933-இல் பாலஸ்தீனம் சென்று வந்தார். இஸ்ரேல் நாடு அமைந்தபின், கொச்சி யூதர் அங்குக் குடியேறுதற்குப் பெரிதும் உழைத்தார். உற்றார் பலர் கப்பலேறவும் தாம் மட்டும் பிறந்த ஊரை விடாது 1967-இல் அங்கேயே மறைந்தார். மட்டாஞ்சேரி யூதர் தெரு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

சங்கத்து அன்பர்காள்! இச்சரிதையினின்றும் நாம் கொள்ளத்தக்கன இரண்டு. சட்டம் கற்றமையால் அவர் சமயம் கெட்டதில்லை. சமயத்தைப் பற்றி நின்றமையால் அவர் உத்தியோகமும் தாழ்ந்ததில்லை. ஆகவே திருநள்ளாற்றுக் கோயிலில் பதிகம் ஓதும் சிறுவன் காலையில் கணிதமும் பயில்க என்று நாம் அச்சமின்றிச் சொல்லலாம். இரண்டாவது சற்றுக் கசப்பானது. அவரை வருத்தியவர் அயலார் அல்லர். ஒரே மறையை ஓதிய தம்மவரேயாவர். நம் பந்தியிலும், நம் மணப்பேச்சிலும், நம் சங்கத்துத் தேர்தலிலும், கிளை தாழ்ந்தது, ஊர் தாழ்ந்தது, பொருள் குறைந்தது என்று நம்மவரையே நாம் பின்வரிசையில் நிறுத்துவதுண்டோ என ஒவ்வொருவரும் தத்தம் நெஞ்சைக் கேட்டல் வேண்டும். அங்ஙனம் நிறுத்தப்பட்ட மகன் கற்றவனாயின், ஒன்று நம்மைத் துறந்து செல்வான், அன்றேல் நம்மைத் திருத்துவான். சேலம் போன்று திருத்துவோர் மிக அரியர். அவர் வரும்வரை காத்திராது நாமே முன்னின்று திருத்திக்கொள்ளுதலே குலத்துக்குப் பெருமையாம்.